மோல்மேன் ஆறு: சம்பானுக்கு ஐந்துக்கு நாலரை, சைக்கிளுக்கு இரண்டு

பர்மாவின் மோல்மேனில் முதல் நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் சேற்றில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஏறிய சம்பான் என்கிற சின்னப் படகு தரைதட்டி நின்றுவிட்டது. சுற்றிலும் பழுப்புச் சேறு. அதில் சின்னச் சின்ன மீன்கள் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போயின. தலைக்கு மேலே உச்சி வெயில். ஏழு வயது மகளுக்குக் குடை பிடித்தபடி என் அம்மா ‘முருகா, முருகா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரை கண்ணுக்குத் தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் இறங்கி நடந்தால் இடுப்பு வரை புதையும்.

மறுநாள் காலை அதே ஆற்றில் இன்னொரு சம்பான்காரரோடு போனோம். என் பிள்ளைகள் இன்று வரை அந்தக் காலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆறும் அதே ஆறு, சம்பானும் ஏறத்தாழ அதே அளவு. வித்தியாசம் எங்கே இருந்தது என்று எழுதிவைத்தால், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உதவும்.

நாங்கள் ரங்கூனில் இருப்பவர்கள். அம்மா பிறந்தது மோல்மேன். ஜனவரி 4 பர்மியச் சுதந்திர நாளை ஒட்டிப் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்ததால் நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், தம்பி, அம்மா என்று ஆறு பேர் ராத்திரி பஸ்ஸில் கிளம்பிப் போனோம். அம்மா சிறுமியாக இருந்தபோது இந்தப் பயணம் வேறு மாதிரி. ரங்கூன் ரயில் எதிர்க்கரையில் இருக்கும் மொத்தமா என்ற ஊர் வரைக்கும்தான் வரும். அங்கே இறங்கி, மூட்டை முடிச்சோடு படகேறி ஆற்றைக் கடந்தால்தான் மோல்மேன். 2005-ல் தான்ல்வின் ஆற்றின்மேல் பாலம் திறந்த பிறகுதான் ரயிலும் பஸ்ஸும் நேரே ஊருக்குள் வருகின்றன. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம். விடியற்காலையில் அதன்மேல் வரும்போது அம்மா தூங்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதலில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். தான்ல்வின் திபெத்து மலைகளிலிருந்து சீனா, ஷான், கயா, கயின் மாநிலங்கள் வழியாக வந்து இங்கேதான் கடலைத் தொடுகிறது. ஊருக்கு வடகிழக்கே ஜைங் ஆறும் அத்தரான் ஆறும் வந்து அதில் கலக்கின்றன. மூன்று ஆறு சேர்ந்த பிறகு எதிர்க்கரை எது, தீவு எது என்று புதிதாகப் பார்ப்பவருக்குப் பிடிபடாது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். மொத்தமா வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று. காலையில் படித்துறையின் மேல்படியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் மத்தியானம் பார்த்தால் எங்கோ கீழே கிடக்கும். பர்மியர்கள் ஏற்றத்தை யே தெ என்றும் வற்றத்தை யே ச்சா என்றும் சொல்வார்கள். மோல்மேன் ஆற்றில் எதைச் செய்வதாக இருந்தாலும் இந்த இரண்டு சொல்லையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதல் நாள் நாங்கள் தங்கிய விடுதியிலேயே சொல்லிச் சம்பான் ஏற்பாடு செய்தோம். பகல் பன்னிரண்டரைக்கு வரச் சொன்னார்கள். எங்களுக்கும் சாப்பிட்டுவிட்டுப் போக வசதி என்று தோன்றியது. படகோட்டி ஒரு சின்னப் பையன். வற்றம் இறங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதை அவனும் பார்க்கவில்லை, ஏற்பாடு செய்தவரும் பார்க்கவில்லை. குறுக்கே போனால் சீக்கிரம் போகலாம் என்று மணல் திட்டுக்கு மேல் விட்டான். அரை மணியில் அடி தட்டியது. அதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். ஆறு பேர் ஏறிய படகில் மிதவைச் சட்டை இருந்தது இரண்டே இரண்டு, அதுவும் பெரியவர்கள் அளவு. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதும், ‘ஆறு இன்றைக்கு அமைதியாகத்தான் இருக்கிறது’ என்றான். அப்போதே இறக்கிவிடச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் மிதவைச் சட்டையை எண்ணிப் பார்க்காமல் காலை எடுத்து வைக்காதீர்கள். இந்தப் பயணத்துக்கு நான் மதிப்பெண் போடப் போவதில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரும் தம்பியும் கரையோரச் சாலையில் வடக்கு நோக்கி நடந்து, தீவுக்குப் போகும் சின்னப் படித்துறையில் நேரே போய்ப் பேசினார்கள். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய, மோன் இனத்துக்காரர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தாராம். எப்போது வர வேண்டும் என்று இவர்கள் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. காலை ஆறே முக்காலுக்கு வாருங்கள், ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏற்றத்தோடு மேலே போகலாம், எட்டே காலுக்குத் தண்ணீர் நிற்கும், அப்புறம் இறங்கும் தண்ணீரோடு திரும்பிவிடலாம், இதுதான் நேரம், இஷ்டம் இருந்தால் வாருங்கள் என்றார். கேட்ட எனக்கு அப்போதே மனசு நிம்மதியானது.

காலையில் நாங்கள் போனபோது பனிமூட்டம். பாலம் பாதிதான் தெரிந்தது. சம்பானில் பலகைமேல் கோரைப்பாய் விரித்து, ஆறு மிதவைச் சட்டையை வரிசையாக வைத்திருந்தார். இரண்டு சின்ன அளவு. முதல் நாள் பட்ட பாட்டில் அம்மா ஏற மாட்டேன் என்று படித்துறையிலேயே நின்றுவிட்டார். நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம், பேரன் கையைப் பிடித்து இழுத்தான், ஒன்றும் நடக்கவில்லை. படகுக்காரர் அம்மாவைப் பார்த்து, ‘இன்றைக்கு லஸான் ங்கா யெ, அம்மா. தண்ணீர் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறும்’ என்றார். வளர்பிறை ஐந்தாம் நாள் என்று அர்த்தம். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். ‘ஆமாம், இன்றைக்குப் பஞ்சமி. நாளைக்கு எனக்குச் சஷ்டி விரதம்’ என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, பர்மியத்தில் அவரிடம், நேற்று எத்தனை மணிக்கு ஏறியது, அமாவாசையன்று எப்படி இருந்தது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும், பதினைந்து நாளில் சுற்றி வந்துவிடும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது வற்றமும் பெரிது என்று இரண்டு பேரும் ஒரே கணக்கைச் சொன்னார்கள். அவர் பேசியது பர்மியரின் பியாதோ மாதக் கணக்கு, அம்மா பேசியது மார்கழிக் கணக்கு. நிலவு ஒன்றுதானே. அதன் பிறகு அம்மாவுக்கு யாரும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. லோஞ்சியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறி, சம்பானின் முன்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏற்றத்தோடு போவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கரையை விட்டு நகர்ந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டார். தண்ணீரே எங்களைக் கொண்டுபோனது. டீசல் எஞ்சின் சத்தம் இல்லாததால் கரையில் பாத்திரம் கழுவும் சத்தம், பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு சைக்கிள் மணி, தூரத்தில் மலைமேல் பயா என்னும் புத்தர் கோயிலின் மணி எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. குளிர்காலத்தில் வரும் கடற்பறவைகள் கூட்டமாகத் தாழப் பறந்து வந்தன. மகன் கையிலிருந்த பொரியை வீசினால் தண்ணீரைத் தொடுவதற்குள் கொத்திக்கொண்டு போயின. பனி விலகி வெயில் வந்தபோது கிழக்கே ஊரின் முதுகெலும்பு மாதிரி நீளும் குன்றும் அதன்மேல் வரிசையாகத் தங்கக் கோபுரங்களும் தெரிந்தன. கரையிலிருந்து பார்த்தால் இந்த வரிசை முழுதாகத் தெரியாது. அந்த ஒரு காட்சிக்காகவே படகேறலாம்.

நாங்கள் போனது காவ்ங்சே சூன். பர்மியத்தில் தலை கழுவும் தீவு என்று பொருள். ஆவா அரசர்கள் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை அரசர் தலை கழுவும் சடங்குக்கு இந்தத் தீவின் ஊற்றிலிருந்துதான் தண்ணீர் எடுத்துப் போனார்கள் என்பது மரபு. வெளிநாட்டார் இதை ஷாம்பூ தீவு என்கிறார்கள். ஆனால் பர்மியர் தலை கழுவப் பயன்படுத்துவது தயோ மரப்பட்டையும் கின்புன் காயும். கின்புன் என்றால் வேறொன்றும் இல்லை, நம் சீயக்காய்தான். பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் சமயத்தில் சந்தையில் இரண்டையும் ஊறவைத்து விற்பார்கள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்த நமக்கு அந்தத் தீவின் பெயரை யாரும் விளக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

தீவு சின்னது. சுற்றிவர இருபது நிமிஷம்கூட ஆகாது. பயாவும், பெண் துறவிகள் தியானம் செய்யும் இடமும், பெரிய மரங்களும்தான் அங்கே. கடை கண்ணி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். சத்தம் போடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாங்கள் ஒரு மரத்தடியில் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தபோது, துறவியம்மா ஒருவர் வந்து நிழல் எங்கே அதிகம் என்று காட்டிவிட்டுப் போனார். திரும்பும்போது படகுக்காரர் கேட்காமலேயே பாலத்தின் கீழ் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்துவிட்டு மகன், ‘ஊலே, இப்போது இறங்குகிறதா?’ என்று கேட்டான். இறங்க ஆரம்பித்திருந்தது.

கூலி எவ்வளவு என்று கேட்பீர்கள். கியாட்டின் மதிப்பு மாதா மாதம் மாறுவதால் நான் கொடுத்த தொகையை எழுதிப் பிரயோஜனம் இல்லை. ஆறு பேர் கரையோரத்தில் ராத்திரி சாப்பிட்டதற்கு ஆன செலவைவிடக் கொஞ்சம்தான் கூட. தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் சம்பானுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். காத்திருக்கும் நேரமும் அதில் சேர்த்தியா என்று ஏறுமுன்பே கேட்டுவிடுங்கள். அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் கூரை இல்லாததுதான். ஒன்பது மணிக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கிறது. வயதானவர்களுக்குக் குடை அவசியம்.

சைக்கிள் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் சந்தைப் பக்கம் ஒரு கடையில் தம்பியும் மகனும் சைக்கிள் வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. குன்றுமேல் ஏறி, சைக்கத்தான்லான் பயாவுக்குப் போய்விட்டு இறங்கும்போது தம்பியின் பின்சக்கரப் பிரேக் பிடிக்கவில்லை. ஓரத்துப் புல்லில் விட்டுச் சாய்ந்ததில் முழங்கை தேய்ந்தது. பெரிய அடி இல்லை. ஆனால் அதே சைக்கிளில் என் பத்து வயது மகன் வந்திருந்தால்? கடையில் போய்ச் சொன்னதற்கு, இது தரையில் ஓட்டுகிற சைக்கிள், மலைக்கு எடுத்துப் போனது உங்கள் தவறு என்றார்கள். இந்த ஊருக்குள் குன்று இருப்பது கடைக்காரருக்குத் தெரியாததா? மறுநாள் கேட்டதும் வேறு சைக்கிள் மாற்றிக்கொடுத்ததற்காக இரண்டு மதிப்பெண். எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

குன்றுக்கு நடந்தே போகலாம், அதுதான் நல்லது. மூடிய படிக்கட்டு வழியாக நிழலிலேயே ஏறிவிடலாம். மேலே வடக்கே மகாமுனி, தெற்கே சைக்கத்தான்லான் என்று ஒரு பயாவிலிருந்து இன்னொரு பயாவுக்கு நடந்துகொண்டே இருக்கலாம். மத்தியானத்தில் தளக்கல் காலைச் சுட்டுவிடும். நாலரைக்கு மேல் ஏறுங்கள். அந்தி நேரத்தில் கீழே ஊரின் தகரக் கூரைகள், அதற்கப்பால் ஆறு, அதற்கப்பால் பீலூ சூன் தீவு, அதன் பின்னால் சூரியன் இறங்குவது எல்லாம் ஒரே இடத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும். 1827-லிருந்து 1852 வரை பிரிட்டிஷ் பர்மாவுக்கு இதுதான் தலைநகரம். நம் ஆட்கள் இந்தக் கரையில் வந்து இறங்கியதும் அந்தக் கப்பல் போக்குவரத்தால்தான். அம்மா கீழே கையை நீட்டி, தன் அப்பா மூட்டை தூக்கிய துறையை என் பிள்ளைகளுக்குக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன.

இறங்கி வந்தால் கரையோரச் சாலையில் ராத்திரிக் கடைகள். சுட்ட மீன், இறால் பொரியல், வதக்கிய கீரை, ஆற்றுக்காற்று. நன்றாக இருந்தது. விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பீலூ சூன். அரக்கன் தீவு என்று அர்த்தமாம். 2017-ல் பாலம் வந்த பிறகு படகு தேவையில்லை. அம்மாவும் நானும் மகளும் தோன்பெய்ன் என்னும் மூன்று சக்கர வண்டியில் போக, மற்ற மூவரும் சைக்கிளில் பின்னால் வந்தார்கள். மகனுக்குச் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. கிராமப் பாதை எல்லாம் சமதரை, இரண்டு பக்கமும் வயல், தென்னை, பாக்கு. நின்று நின்று போக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கிராமத்திலும் ஒவ்வொரு கைத்தொழில். ஒரு வீட்டில் ரப்பர் பேண்டு செய்கிறார்கள். ரப்பர் பாலில் சாயம் கலந்து, நீளமான உருளைகளை அதில் முக்கி எடுத்து, வெயிலில் காயவைத்து, உரித்து, குறுக்கே மெல்லிசாக வெட்டுகிறார்கள். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக முற்றம் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. மகள் கை நிறைய வாங்கி, ரங்கூன் வந்த பிறகும் எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னொரு இடத்தில் பள்ளிக்கூடச் சிலேட்டு. கல்லைத் தேய்த்து மட்டப்படுத்தி மரச்சட்டம் போடுகிறார்கள். அம்மா ஒன்றை வாங்கி, அதிலேயே ‘அ’ எழுதிப் பேத்தியிடம் கொடுத்தார். புகைக்குழாய், கைத்தடி, தென்னை நார் மிதியடி செய்பவர்களும் உண்டு. பார்க்கக் காசு கேட்பதில்லை. ஏதாவது ஒன்று வாங்கிக்கொண்டு வருவதுதான் முறை. அன்று அம்மாவுக்குச் சஷ்டி விரதம் என்று தெரிந்ததும், சிலேட்டு வீட்டு அம்மா ஒரு பெரிய பம்பளிமாஸைப் பறித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் முதோன் பக்கம். வழியில் சௌத்தலோன் என்ற செங்குத்துப் பாறை. உச்சியில் பயாக்கள், ஏற இருபது நிமிஷம். எதிர்ப்பக்கம் அதைவிடச் சின்னப் பாறை ஒன்றின் தலையில் நம் இந்துக் கோயில். அம்மாவைக் கீழே நிழலில் உட்காரவைத்துவிட்டு ஏறிக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தோம். அங்கிருந்து வின்செய்ன் தோயாவின் படுத்த புத்தர், 180 மீட்டர் நீளம், உள்ளே அறை அறையாகப் பொம்மைகள். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு. எனக்கு அரை மணி போதுமாக இருந்தது.

இன்னும் தெற்கே தன்பியூசயா. ஜப்பான்காரர்கள் 1942, 43-ல் போட்ட சயாம்-பர்மா மரண ரயில்பாதையின் பர்மா முனை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாதையில் செத்தார்கள். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது, நம்மவர்களுக்கு இல்லை. ஊர் சுற்றிப் பார்க்கும் பட்டியலில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கித் தனியாகப் போக வேண்டும்.

ஆற்றோடு மேலே பாஅன் வரைக்கும் படகில் போவது பழைய வழக்கம். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே நாலு மணி நேரம். கல்யாணமான புதிதில் ஒரு முறை போயிருக்கிறோம். இப்போது போவதாக இருந்தால் பாதை நிலவரத்தை ஊர்க்காரர்களிடம் அன்றைக்கே விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பிள்ளைகளோடு நாங்கள் துணியவில்லை.

எப்போது போவது என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மோல்மேன் மழை சாமானியமானதல்ல, ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். ஆடி ஆவணியில் ஆற்றில் சம்பான் சவாரியை நினைக்கவே வேண்டாம்.

கிளம்பும் நாள் காலையில் அம்மா மறுபடி அந்தப் படித்துறைக்குப் போக வேண்டும் என்றார். படகுக்காரர் சம்பானில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். அம்மா பம்பளிமாஸில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு, மாசி மாதத்தில் வளர்பிறைப் பஞ்சமி என்றைக்கு வருகிறது என்று விரல்விட்டு எண்ணினார். அவரும் எண்ணினார். இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் வந்தது. ‘ஏழு மணிக்கு’ என்றார் அவர். ‘ஆறே முக்காலுக்கே வந்துவிடுவோம்’ என்றார் அம்மா.